கோட்டம் எடுத்தல்

மலைப்பாதை மிதிவண்டியின் பின்சக்கரத்தைப் பின்னாலிருந்து நேராகப் பார்த்தால், ரிம் சட்டத்தின் இரு கால்களுக்கும் சரியான நடுவில் நிற்பது தெரியும். ரிம்மையும் ஹப்பையும் இணைக்கும் கம்பிகளைப் பார்த்தால் வேறொரு செய்தி தெரியும். வலப்பக்கக் கம்பிகள் ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கின்றன. இடப்பக்கக் கம்பிகள் நன்கு சாய்ந்து விரிந்திருக்கின்றன. காரணம் எளியது. வலப்பக்கத்தில் பல்சக்கரத் தொகுதிக்கு இடம் வேண்டும். ஒற்றைப் பல்சக்கரம் இருந்த இடத்தில் ஐந்து, ஏழு, ஒன்பது என்று பெருகி இன்று பன்னிரண்டு வரை வந்துவிட்டது. அவை இடம் பிடித்ததால், கம்பிகளைக் கோக்கும் வலப்பக்கத் தட்டு ஹப்பின் நடுவை நோக்கி ஒதுங்கிவிட்டது. இடப்பக்கத் தட்டுக்கு அந்த நெருக்கடி இல்லை. பிரேக் டிஸ்க் மட்டுமே அதைச் சற்று உள்ளே தள்ளுகிறது.

நம் ஊர்க் கடைகளில் போக்ஸ் கம்பி என்று சொல்லப்படும் இந்த ஆரக்கால்களைப் பற்றி எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. கடந்த குளிர்காலத்தில் ஒருவருக்காக ஒரு பின்சக்கரம் கட்டினேன் என்பது ஒன்று. அதைக் கட்டும்போது, என் ஆய்வுத்துறையிலும் களப்பணியிலும் நான் நெடுங்காலமாகச் சரியாகக் கேட்டுக்கொள்ளாத ஒரு கேள்வி கையில் பிடிபட்டது என்பது மற்றொன்று.

முதலில் சக்கரம். சுமை ஏறும்போது மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகள் தூண்களைப் போல நின்று தாங்குவதில்லை. அவை மெல்லியவை, தள்ளினால் வளைந்துவிடும். எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்துக் கட்டி வைத்திருப்பதால்தான் சக்கரம் நிற்கிறது. வண்டியில் ஏறி அமர்ந்ததும் தரையை ஒட்டிய சில கம்பிகளில் இழுவிசை குறைகிறது. மற்றவற்றில் மாற்றம் மிகச் சிறிது. ஜோப்ஸ்ட் பிராண்ட் 1981இல் வெளியிட்ட ‘தி பைசிக்கிள் வீல்’ என்னும் நூல் இந்த வாதத்தைப் பொறியியல் கணக்குடன் விளக்கியது. இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது: கம்பியில் இழப்பதற்குப் போதுமான இழுவிசை இருக்க வேண்டும். தொய்வாகக் கட்டப்பட்ட கம்பி, சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் தரைக்கருகே வரும்போது முற்றிலும் தளரக்கூடும். தளரும் கணத்தில், அதை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிள் சிறிது சிறிதாகச் சுழன்று கழலும். சில நூறு கிலோமீட்டரில் சக்கரம் கோணிவிடும்.

இப்போது அந்தச் சமமற்ற தட்டுகளுக்கு வருவோம். ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால், வலப்பக்கக் கம்பிகள் அனைத்தும் சேர்ந்து பக்கவாட்டில் இழுக்கும் விசையும் இடப்பக்கக் கம்பிகள் இழுக்கும் விசையும் ஒன்றாக இருக்க வேண்டும். வலப்பக்கக் கம்பிகளுக்குச் சாய்வு குறைவு. ஆகவே அதே பக்கவாட்டு விசையைத் தர அவற்றை மிக இறுக்கமாக இழுத்துக் கட்டியாக வேண்டும். நான் பயன்படுத்திய ஹப், இன்றைய 148 மில்லிமீட்டர் அளவுக்கு முந்தைய 142 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. நடுத்தளத்திலிருந்து அதன் வலத்தட்டு 20 மில்லிமீட்டர் தொலைவிலும் இடத்தட்டு 34 மில்லிமீட்டர் தொலைவிலும் உள்ளன. ஆகவே இடப்பக்கக் கம்பிகளின் இழுவிசை, வலப்பக்கத்தின் இழுவிசையில் 34இல் 20 பங்குதான். அதாவது ஏறத்தாழ 59 விழுக்காடு. வலப்பக்கத்தை அந்த ரிம் தாங்கும் உச்ச அளவான 120 கிலோ விசைக்கு இறுக்கினால், இடப்பக்கத்திற்குக் கிடைப்பது 71 கிலோ மட்டுமே. இடப்பக்கத்தை மேலும் இறுக்கலாமே என்றால், ரிம் இடப்பக்கம் நகர்ந்துவிடும். அதைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவர வலப்பக்கத்தை உச்ச அளவுக்கு மேல் இறுக்க வேண்டிவரும். எவ்வளவு திறமையாகக் கட்டினாலும் இந்த விகிதம் மாறாது. சக்கரத்தின் வடிவத்திலேயே எழுதப்பட்ட ஏற்றத்தாழ்வு இது.

இதற்குச் சமச்சீரற்ற ரிம் ஒரு விடை. வழக்கமான ரிம்மில் கம்பித் துளைகள் நடுக்கோட்டை ஒட்டி அமைந்திருக்கும். இதில் துளைவரிசை முழுவதும் ஒரு பக்கமாக 2 அல்லது 3 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். 1990களிலேயே ரிச்சி நிறுவனம் இத்தகைய பின்ரிம்களை விற்றது. இன்று மலைப்பாதை வண்டிகளில் இது பரவலாகிவிட்டது. பின்சக்கரத்தில் துளைகள் இடப்பக்கம் தள்ளி இருக்குமாறு ரிம்மைப் பொருத்த வேண்டும். என் கணக்கில் 3 மில்லிமீட்டர் விலகல். வலப்பக்கக் கம்பிகளின் பக்கவாட்டு அகலம் 20இலிருந்து 23 ஆகிறது. இடப்பக்கம் 34இலிருந்து 31 ஆகக் குறைகிறது. விகிதம் 59 விழுக்காட்டிலிருந்து 74 விழுக்காட்டுக்கு உயர்கிறது. வலம் 120 கிலோ என்றால் இடம் 89 கிலோ. வெறும் 3 மில்லிமீட்டர், ஒவ்வோர் இடப்பக்கக் கம்பிக்கும் 18 கிலோ கூடுதல் பிடிமானம் தருகிறது. 148 மில்லிமீட்டர் ‘பூஸ்ட்’ ஹப்புகள் இரு தட்டுகளையும் 3 மில்லிமீட்டர் வெளியே நகர்த்தின. அதனால் சக்கரத்தின் உறுதி கூடியது. ஆனால் 20க்கு 34 என்பது 23க்கு 37 ஆனால் விகிதம் 62 விழுக்காடுதான். இரு பக்கத்திற்கும் ஒரே அளவாகக் கொடுப்பது ஏற்றத்தாழ்வை ஏறத்தாழ அப்படியே விட்டுவிடுகிறது.

முன்சக்கரத்தில் நிலைமை தலைகீழ். அங்கே பல்சக்கரம் இல்லை. இடப்பக்கத்தில் பிரேக் டிஸ்க் இருப்பதால் இடத்தட்டுதான் உள்ளே ஒதுங்குகிறது. ஆகவே அதே ரிம்மைத் திருப்பிப் போட்டு, துளைகள் வலப்பக்கம் வருமாறு கட்ட வேண்டும். திசையில் கவனம் தேவை. பின்சக்கரத்தில் ரிம்மைத் தவறான பக்கமாகப் போட்டால் 17க்கு 37 என்றாகி, இடப்பக்கத்திற்கு 46 விழுக்காடே மிஞ்சும். சாதாரண ரிம்மைவிட மோசம்.

நான் சக்கரம் கட்டக் கற்றது தில்லியில், முதுகலை படித்த நாள்களில், பல்கலைக்கழகத்துக்கு அருகே சாலையோரம் கடை வைத்திருக்கும் ஒரு முதிய மெக்கானிக்கிடம். வாழ்நாள் முழுவதும் இரும்பு ரோட்ஸ்டர் வண்டிகளுக்குச் சக்கரம் கட்டியவர். முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி, ஒற்றைப் பல்சக்கரம், ஏறத்தாழ இருபுறமும் ஒத்த ஹப். புதிய ரிம்மை அவரிடம் காட்டியபோது விரலால் துளைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, “பேட்டா, துளை ஓரமாகப் போயிருக்கிறது. கழித்துப்போட்ட சரக்கு. திருப்பிக் கொடுத்துவிடு” என்றார். அவருடைய உலகில் அந்தத் தீர்ப்பு முற்றிலும் சரி. ஹப் சமச்சீராக இருக்கும்போது ரிம்மில் உள்ள விலகல் குறைபாடேதான். ஹப் ஏற்கெனவே சாய்ந்திருக்கும்போதுதான் அதே விலகல் திருத்தமாகிறது.

மொழியியல் மாணவர்களுக்கு இது பழகிய செய்தி. ஒலியன்களை அட்டவணையில் அடுக்கும்போது வெற்றுக் கட்டங்கள் நம்மை உறுத்தும். டச்சு மொழியின் சொந்தச் சொற்களில் ப-த-க வரிசைக்கு ஒலிப்புடைய இணைகளாக ‘பி’யும் ‘டி’யும் உண்டு, அண்ணக்கடையில் பிறக்கும் ‘கி’ ஒலிப்புடையதாக இல்லை. தாய்லாந்து மொழியிலும் அதே கட்டம் வெற்றிடம். செவ்வியல் அரபியில் ஒலிப்புடைய இதழொலி உண்டு. ஒலிப்பிலா இணை இல்லை. அட்டவணையை மட்டும் பார்த்தால் இவை ஓட்டைகள். வாயை உள்ளிட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். நாவின் பின்பகுதி அண்ணத்தை அடைக்கும்போது அதற்குப் பின்னுள்ள அறை சிறியது. காற்று விரைவில் நிறைந்து அழுத்தம் சமமாகி, குரல்நாண்களின் அதிர்வு நின்றுவிடும். இதழை மூடும்போது பின்னுள்ள அறை பெரியது, அதிர்வு நீடிக்கும். ஜான் ஓஹாலா இதைக் காற்றியக்க அடிப்படையில் விரிவாக விளக்கியிருக்கிறார். வாய்க்குழாய் சமச்சீரற்றது, அதைப் பின்பற்றும் ஒலியமைப்பும் அப்படியே அமைகிறது. சீரான அட்டவணையை விரும்பும் ஆய்வாளரின் கண்ணுக்கும், சீரான துளைவரிசையை எதிர்பார்க்கும் மெக்கானிக்கின் விரலுக்கும் ஒரே வகைப் பயிற்சிதான்.

கட்டும் வேலையில் முதற்படி கம்பி நீளக் கணக்கு. 29 அங்குலச் சக்கரம், 32 கம்பிகள், ஒவ்வொரு கம்பியும் தன் பக்கத்தின் மூன்று கம்பிகளைக் குறுக்கிடும் பின்னல். துளைகள் நடுவில் இருந்திருந்தால் இடத்துக்கும் வலத்துக்கும் நீள வேறுபாடு 1.3 மில்லிமீட்டர் வந்திருக்கும். விலகல் ரிம்மில் அது 0.7 மில்லிமீட்டராகச் சுருங்கியது. பிறகு கோத்தல். எல்லா நிப்பிள்களையும் ஒரே அளவு திருகி, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கிவந்தேன். மேலும் கீழும் ஆடும் ஆட்டத்தை முதலில் எடுத்து, பக்கவாட்டு ஆட்டத்தைப் பின்னர் எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ரிம் நடுவில் இருக்கிறதா என்று அளந்தேன். கோப்பு இறுகியதும் இணையான கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிழிந்தேன். முறுக்கேறிய கம்பிகள் மெல்லிய ஓசையுடன் நேராகி, வளைவுகள் ஹப்பில் படிந்து அமர்ந்தன. இந்த அழுத்தலை விட்டுவிட்டால், முதல் பயணத்திலேயே அந்த வேலையைப் பாதை செய்யும். சக்கரம் கோணிய நிலையில் செய்யும்.

இழுவிசையை அளக்க ஒரு கருவி உண்டு. அதோடு என் துறைக் கருவியையும் பயன்படுத்தினேன். கம்பியை விரலால் சுண்டினால் எழும் சுருதியின் அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பேச்சொலியை ஆராய நாம் அன்றாடம் பயன்படுத்தும் பிராட் மென்பொருளில், ஒவ்வொரு கம்பியின் ஓசையையும் பதிவுசெய்து அளந்தேன். இழுவிசையில் 10 விழுக்காடு வேறுபட்டால் சுருதி ஏறத்தாழ 0.8 அரைச்சுரம் மாறும். ஒரே பக்கத்துக் கம்பிகள் தங்களுக்குள் இந்த எல்லைக்குள் இருக்கும்வரை திருத்தினேன். இரு பக்கங்களுக்கிடையே எஞ்சும் இடைவெளியும் காதுக்குத் தெரிந்தது. சாதாரண ரிம்மில் கணக்குப்படி அது நாலரை அரைச்சுரம். இந்தச் சக்கரத்தில் இரண்டரை. கட்டி முடித்ததை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். இடம் ஒன்று, வலம் ஒன்று என்று சுண்டிப் பார்த்துவிட்டு, “இப்போதும் இரண்டும் ஒன்றாகவில்லையே” என்றார். “குறைந்திருக்கிறது, பாபாஜி. தீராது” என்றேன். சற்று நேரம் சக்கரத்தைச் சுழலவிட்டு, நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுக்கும்படி பின்னர் அவர் சொல்லவில்லை.

தீராது என்பதோடு, குறைத்ததற்கும் ஒரு விலை உண்டு. ஒரு கம்பி பக்கவாட்டு உறுதிக்குத் தரும் பங்கு, அதன் சாய்வின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20இன் வர்க்கத்தையும் 34இன் வர்க்கத்தையும் கூட்டினால் 1556. 23, 31 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 1490. எல்லாக் கம்பிகளும் இறுக்கமாக இருக்கும் நிலையில், விலகல் ரிம்மில் பக்கவாட்டு உறுதி ஏறத்தாழ 4 விழுக்காடு குறைகிறது. ஆனால் அந்தக் கூடுதல் உறுதி, இடப்பக்கக் கம்பிகள் தளராதவரைதான் இருக்கும். பாறையில் மோதி இறங்கும் கணத்தில் தளர்ந்த கம்பி எதையும் தாங்காது. மேசையில் அளந்தால் பழைய வடிவம் சற்று உறுதியானது. கரடுமுரடான இறக்கத்தில் புதிய வடிவம் தன் உறுதியைக் கைவிடாதிருக்கும் வாய்ப்பு அதிகம். எதை அளக்கிறோம், எந்த நிலையில் அளக்கிறோம் என்பதைச் சொல்லாமல் ‘சிறந்தது’ என்ற சொல்லைப் பயன்படுத்த முடியாது.

சக்கரம் யாருக்கு என்பதை இப்போது சொல்ல வேண்டும். என் களப்பணி இமாசலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டத்தில். அங்கே எனக்குச் சொற்களையும் வாக்கியங்களையும் கதைகளையும் தருபவர்களுள் ஓர் இளைஞர் முதன்மையானவர். என்னைத் தீதி என்று அழைப்பவர். ஆப்பிள் தோட்டங்களுக்கு மேலே உள்ள தம் ஊரிலிருந்து நெடுஞ்சாலைவரை கல்லும் மண்ணும் சரியும் பாதையில் நாள்தோறும் மிதிவண்டியில் இறங்குவார். அவருடைய பின்சக்கரத்தின் இடப்பக்கக் கம்பிகள் மாதம் ஒருமுறை கழன்றுவிடும். இத்தகைய உதிரிப்பாகம் கிடைக்கும் நகரமான சிம்லா, ரெக்காங் பியோவிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். மணிக்கணக்குப்படி அவருக்குரிய மதிப்பூதியத்தைத் தந்துவந்தேன். ஒருநாள், “தீதி, பணம் இருக்கட்டும். கழலாத சக்கரம் ஒன்று கட்டித் தருவீர்களா?” என்று கேட்டார்.

பதிவுசெய்யும் மொழியின் பேச்சாளரை ‘உடன் பணியாற்றுபவர்’ என்று எழுதுவது இன்று நம் துறையின் நல்ல வழக்கம். அதை நானும் எழுதுகிறேன். ஆனால் பட்டம் எனக்கு வரும். பெயர் அட்டையில் என் பெயர் இருக்கும். அவர் இரவில் அந்தப் பாதையில் வீடு திரும்புவார். ரிம் நடுவில் நிற்பதாக ஆய்வேட்டின் முன்னுரை காட்டும். இழுவிசை எந்தப் பக்கம் எவ்வளவு என்பதை முன்னுரை காட்டாது. இந்த ஏற்றத்தாழ்வும் ஹப்பின் ஏற்றத்தாழ்வைப் போன்றதே. என் நல்லெண்ணத்தால் மறைந்துவிடக்கூடியதாக இல்லை. எங்கே அதை வைப்பது என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. இரு பக்கத்துக்கும் ஒரே அளவு என்று பகிர்ந்தால், பூஸ்ட் ஹப்பைப் போல, பழைய விகிதம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். ஒரு பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டும். தள்ளி வைத்திருப்பது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். ஆய்வேட்டுக்காகத் திரட்டிய கதைகள் அனைத்தையும் ஊராருக்கு உரிய தொகுப்பாக முதலில் அச்சிடுவது, அதில் தொகுப்பாளராக அவர் பெயர் மட்டும் வருவது என்று நெறியாளரிடம் பேசி முடிவு செய்திருக்கிறேன். அதனால் என் கட்டுரை ஒன்று ஓராண்டு தள்ளிப்போகும். நான்கு விழுக்காட்டைவிட அது சற்று அதிகமான விலைதான்.

சக்கரத்தின் கோணலை நீக்குவதைத் தமிழ்நாட்டு மிதிவண்டிக் கடைகளில் ‘கோட்டம் எடுத்தல்’ என்பார்கள். ஓடு ஓட்டமாவது போல, வளைதலைக் குறிக்கும் ‘கோடு’ என்னும் வினை கோட்டமாகிறது. பழைய இலக்கிய வழக்கில் இதே சொல் ஒருபக்கம் சாய்தலையும், நடுநிலை தவறுதலையும் குறிக்கும். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் இது அந்தப் பொருளில்தான் வருகிறது. மரத்தின் வளைவுக்கும் மனத்தின் சார்புக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில், கோட்டம் எடுப்பது என்றால் எல்லாவற்றையும் நேராக்குவது என்றுதான் முன்பு புரிந்துவைத்திருந்தேன். இந்த ரிம்மைப் பொறுத்தவரை, கோட்டத்தை எடுப்பதற்காகவே ஒரு கோட்டத்தை அளந்து வைத்திருக்கிறார்கள்.

சக்கரத்தைத் தில்லியிலிருந்து பேருந்தின் மேற்கூரையில் கட்டி எடுத்துச் சென்றேன். நண்பர் அதைப் பொருத்திய அன்று, எந்தக் கம்பியிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும், எந்த இடத்தில் சுண்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒரு குரல்பதிவு அனுப்புகிறார்: முதலில் இடப்பக்கம் பதினாறு ஒலிகள், பிறகு வலப்பக்கம் பதினாறு. ஒவ்வோர் ஒலிக்கும் முன்னால் கம்பியின் எண்ணைத் தம் தாய்மொழியில் சொல்கிறார். அந்த எண்ணுப்பெயர்களை நான் பதிவு செய்யக் கேட்டதில்லை, அவராகவே சேர்த்துக்கொண்டார். ஐந்து பதிவுகள் வந்திருக்கின்றன. ஐந்தாவதில் இடப்பக்கத்து ஒன்பதாம் கம்பி அரைச்சுரம் இறங்கியிருந்தது. கால் சுற்று இறுக்கச் சொல்லி எழுதினேன். இறுக்கிவிட்டதாகப் பதில் வந்தது. கூடவே, பாதையில் பனி உருகத் தொடங்கிவிட்டது என்றும்.